மொட்டைமாடி மகாராஜா

சிவகாசியில் அச்சாகும் தாவீதுக்கு வயது ஏறுவதே இல்லை. கையில் கவண் இருந்தால் பதினைந்து, யாழ் இருந்தால் முப்பது. அதற்கு மேல் அவரை எந்த ஆர்ட்டிஸ்டும் வளரவிட்டதில்லை. கன்னம் இரண்டும் ரோஜா நிறம், படியப் படிய வாரிய தலை, கண்ணில் கொஞ்சம் ஈரம். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடும்போது முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, காமராஜர் என்று வருகிற வரிசையில் தாவீது, மோசே, ஆபிரகாம் ஆகியோருக்கும் தாள் கிடைக்கிறது. எல்லாருக்கும் ஒரே டச்சப். சுருக்கம் போய்விடும், பரு போய்விடும், அவரவர் பண்ணின காரியமும் போய்விடும்.

அச்சாபீஸ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்குகிறவர் வீட்டுச் சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார். மருமகளும் பேரப்பிள்ளைகளும் நடமாடுகிற கூடத்தில், பக்கத்து வீட்டுக்காரியை எட்டிப் பார்க்கிற ராஜாவை யார் மாட்டுவார்கள்?

ஆனால் வேதப் புத்தகம் காலண்டர் இல்லை. அது கரிசல் காட்டுக்கு வந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்த தாமஸ் ராக்லண்ட் என்கிற மிஷனரி, 1850-களில் இந்தப் பக்கம் கூடாரம் போட்டுக் கிராமம் கிராமமாக அலைந்து, 1858-ல் சிவகாசியிலேயே காலமானார். அதன் பிறகு சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரத்தில் சர்ச், பள்ளிக்கூடம், ஞாயிறு பள்ளி எல்லாம் வந்தன. 1871-ல் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்திய தமிழ் வேதாகமம் வெளிவந்தது. இந்தப் பெரியவர்களின் வண்டவாளம் அதில் ஒன்றுகூட விடுபடாமல் தமிழில் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் அந்த இடம் வரும்போது மட்டும் டீச்சர் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்புவார். கும்பிடுகிறவர்கள் கோபிக்க வேண்டாம். இனி வருகிற எதையும் நான் கட்டிவிடவில்லை. அந்த இரண்டு தாளைப் பிரித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

தங்கச்சி என்று சொல்

மூத்தவரிடமிருந்து ஆரம்பிப்பதுதான் மரியாதை. ஆபிரகாமுக்கு எழுபத்தைந்து வயது தாண்டியிருக்கும். ஊரில் பஞ்சம். எகிப்துக்குப் பிழைக்கக் கிளம்பினார். எல்லையை நெருங்கியதும் மனைவி சாராளைத் தனியே கூப்பிட்டார்.

"இந்தா பாரு, நீ லட்சணமா இருக்க. எம் பொண்டாட்டின்னு தெரிஞ்சா என்னைக் கொன்னு போட்டுட்டு உன்னைத் தூக்கிட்டுப் போயிருவானுக. தங்கச்சின்னு சொல்லிரு. எனக்கு நல்லது."

உனக்கு நல்லதா என்று அவர் கேட்டதாகப் பதிவில்லை. சாராள் பார்வோன் வீட்டுக்குப் போனாள். ஆபிரகாமுக்கு ஆடு, மாடு, கழுதை, ஒட்டகம், வேலைக்காரர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். பார்வோன் வீட்டுக்கோ வாதை வந்தது. உண்மை தெரிந்ததும், "ஏன்யா, பொண்டாட்டின்னு மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று பார்வோன் கேட்டார். கதையில் அந்த நேரத்தில் ஒழுக்கம் பேசியவர் அவர் ஒருவர்தான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்காமல் இருவரையும் வழியனுப்பியும் வைத்தார்.

ஒரு தடவை என்றால் உயிர்ப்பயம் என்று விட்டுவிடலாம். பல வருஷம் கழித்துக் கேராருக்குப் போனபோதும் அதே வசனம். இந்தத் தடவை மாட்டிக்கொண்டவர் அபிமெலேக்கு ராஜா. சாராளுக்கு அப்போது தொண்ணூறை ஒட்டிய வயது; அது புத்தகத்தின் கணக்கு, என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம். பிடிபட்ட ஆபிரகாம் இரண்டு சமாதானம் சொன்னார். ஒன்று, அவள் தகப்பன் வழியில் எனக்குத் தங்கைதான், தாய்தான் வேறு. இரண்டு, போகிற ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லவேண்டும் என்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே பேசி வைத்திருந்தோம். முதல் சமாதானம் வக்கீல் சொல்வது. இரண்டாவதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அபிமெலேக்கு தலையில் அடித்துக்கொண்டு, ஆடு மாடோடு ஆயிரம் வெள்ளிக்காசையும் கொடுத்தனுப்பினார்.

மகன் ஈசாக்கு அப்பாவின் தொழிலை அப்படியே எடுத்து நடத்தினார். அதே கேரார், அதே அபிமெலேக்கு என்ற பெயருடைய ராஜா, அதே தங்கச்சி. ஆனால் மகனுக்கு அப்பாவின் சாமர்த்தியம் போதாது. 'தங்கச்சி' ரெபெக்காளோடு அவர் கொஞ்சிக்கொண்டிருந்ததை ராஜா ஜன்னல் வழியே பார்த்துவிட்டார்.

பேரன் யாக்கோபு வேறு துறையில் இறங்கினார். பசித்து வந்த அண்ணனிடம் ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்கு மூத்தபிள்ளை உரிமையை எழுதி வாங்கினார். கண் தெரியாத அப்பாவிடம், வெள்ளாட்டுத் தோலைக் கையிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டு, அண்ணன் நான்தான் என்று போய் நின்றார். வேட்டைக்குப் போனவன் இத்தனை சீக்கிரம் எப்படி வந்தாய் என்று அப்பா கேட்டபோது, உங்கள் கடவுள்தான் கொண்டுவந்து கொடுத்தார் என்றார். பொய் சொல்வதில் எல்லாரும் ஒருவகை. பொய்க்குக் கடவுளையே சாட்சிக் கையெழுத்துப் போடவைப்பது தனிவகை.

இந்த ஆளுக்குச் சரியான ஜோடி தாய்மாமன் லாபான். ராகேலுக்காக ஏழு வருஷம் மாடாய் உழைக்கவைத்து, கல்யாண ராத்திரி இருட்டில் மூத்தவள் லேயாளைத் தள்ளிவிட்டார். விடிந்ததும் யாக்கோபு குதித்தார். "மூத்தவ இருக்க இளையவளைக் குடுக்குற பழக்கம் எங்க ஊர்ல கெடையாது மாப்ளே" என்றார் லாபான். கண் தெரியாதவரிடம் அண்ணனாக நடித்தவனுக்கு, இருட்டில் தங்கையாக அக்காள் வந்தாள். இன்னும் ஏழு வருஷம் உழைத்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவர் இந்த இடத்தில் ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போயிருக்கிறார்.

தீயில் போட்டேன், தானாக வந்தது

மோசே ஒரு எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்தவர். செய்யும் முன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அவரைத் தாண்டிவிட்டார் அண்ணன் ஆரோன்.

மோசே மலைமேல் போனவர் திரும்பி வரவில்லை. கீழே ஜனங்கள் பொறுமை இழந்து ஆரோனைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்களுக்கு ஒரு சாமி செய்து கொடு. ஆரோன் தயங்கவில்லை. காதில் கிடக்கிற பொன்னைக் கழற்றிக் கொடுங்கள் என்றார். உருக்கினார், உளியால் செதுக்கினார், கன்றுக்குட்டி ஒன்று தயார். மறுநாள் திருவிழா என்று அறிவிப்பும் அவரே.

இறங்கி வந்த தம்பி, என்ன காரியம் இது என்று கேட்டபோது ஆரோன் தந்த வாக்குமூலத்தை நம் ஊர் தாலுகா ஆபீஸ் ஆவண அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். நகையைக் கழற்றுங்கள் என்றேன், கொடுத்தார்கள், தீயில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது. அவ்வளவுதான். உளி போன இடம் தெரியவில்லை. செய்த கையும் காணோம். பொன் தானாக உருகி, தானாகக் காது வைத்து, தானாக வால் முளைத்து நடந்து வந்திருக்கிறது. மருந்துக் கலவையில் தானாக உராய்வு ஏற்பட்டது, அறையில் அளவுக்கு மேல் மருந்து தானாக இருந்தது என்று வருஷா வருஷம் செய்தி வாசிக்கிற இந்தப் பகுதிக்கு ஆரோனின் நடை புதிதல்ல.

அன்றைக்குக் குத்துப்பட்டுச் செத்தவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர். ஆரோன் பிரதான ஆசாரியர் ஆனார். இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்சோனைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் பட்டாசுக்காரர்கள் வருத்தப்படுவார்கள். மாமனார் தன் மனைவியை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார் என்ற கோபத்தில் முந்நூறு நரிகளைப் பிடித்து, வாலோடு வால் சேர்த்துக் கட்டி, நடுவில் பந்தம் சொருகிக் கொளுத்திப் பெலிஸ்தர் வயலில் விரட்டியவர் அவர். கதிர்க்கட்டு, நிற்கிற பயிர், ஒலிவத் தோப்பு எல்லாம் சாம்பல். வெடிபொருளுக்கான நாக்பூர் லைசென்ஸ் கிடையாது, போர்மேன் கிடையாது, பாதுகாப்பு இடைவெளி கிடையாது. நரிகளிடம் யாரும் கேட்கவும் இல்லை. பதிலுக்குப் பெலிஸ்தர் வந்து எரித்தது சிம்சோனை அல்ல, அந்த மனைவியையும் அவள் தகப்பனையும். இவர் இருபது வருஷம் இஸ்ரவேலுக்கு நியாயாதிபதி. பலத்தின் ரகசியம் கேட்டு நச்சரித்த தெலீலாளிடம் மூன்று தடவை பொய் சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும், பெலிஸ்தர் உன்மேல் வந்துவிட்டார்கள் என்று அவளே கத்தினாள். நான்காம் தடவை, வெட்டாத தலைமுடிதான் பலம் என்ற உண்மையைச் சொன்னார். தலையில் முடி இருந்த அளவுக்கு உள்ளே சரக்கு இல்லை.

ராஜாவுக்குத் தூக்கம் வராத சாயங்காலம்

இனி தாவீது. கோலியாத்தை அடித்ததையும் யாழ் வாசித்ததையும் காலண்டர் சொல்லும். ராஜா ஆவதற்கு முன்னால், காட்டில் அறுநூறு பேரைச் சேர்த்துக்கொண்டு திரிந்த காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. நாபால் என்ற பணக்கார ஆட்டு முதலாளியிடம் பத்து இளவட்டங்களை அனுப்பினார். "அண்ணாச்சி, ஒங்க ஆட்டுக்கு இத்தனை நாள் ஒரு கொறையும் வராமப் பாத்துக்கிட்டோம். விசேஷ நாள் வேற. ஏதாவது பாத்துச் செய்ங்க." ரசீதுப் புத்தகம் கையில் இருந்ததா என்று தெரியவில்லை. நாபால் தரமாட்டேன் என்றான். தாவீது நானூறு பேரோடு வாளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாபாலின் மனைவி அபிகாயில் இருநூறு ரொட்டி, இரண்டு தோல்பை திராட்சரசம், சமைத்த ஆடு ஐந்து, வற்றல், அத்திப்பழ அடை எல்லாம் கழுதைமேல் ஏற்றிக் குறுக்கே போய் நின்றிருக்காவிட்டால் அந்த வீட்டில் விளக்கேற்ற ஆளிருந்திருக்காது. பத்து நாளில் நாபால் தானாகவே செத்தான். அபிகாயிலைத் தாவீது கட்டிக்கொண்டார்.

இதெல்லாம் சில்லறை. பெரிய கணக்கு பிறகு வருகிறது. ராஜாக்கள் சண்டைக்குப் போகிற பருவம். தாவீது போகவில்லை. சேனாபதி யோவாப் தலைமையில் எல்லாரையும் அம்மோனியரின் ரப்பா நகரத்தை முற்றுகையிட அனுப்பிவிட்டு எருசலேமில் இருந்துகொண்டார். ஒரு சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து மொட்டைமாடியில் உலாத்தினார். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்திருக்கிறவருக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கீழே ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தாள்.

விசாரித்தார். பெயர் பத்சேபாள், எலியாமின் மகள், ஏத்தியனாகிய உரியாவின் மனைவி என்று பதில் வந்தது. உரியா யார் என்று ராஜாவுக்குத் தெரியும். தாவீதின் பேர்பெற்ற வீரர்கள் என்று புத்தகத்தில் பின்னால் முப்பத்தேழு பேர் கொண்ட பட்டியல் ஒன்று வருகிறது. அதில் கடைசிப் பெயர் உரியா. சொந்தப் படையின் தேர்ந்தெடுத்த ஆள், எல்லையில் ராஜாவுக்காக மண்ணில் படுத்துக்கிடக்கிறான். ஆளனுப்பி அவளை வரவழைத்தார். அவளுக்கு மறுக்க இடமிருந்ததா என்று கேட்கவே வேண்டாம். சில வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரே ஒரு செய்தி: கர்ப்பமாயிருக்கிறேன்.

இனி நடப்பது முழுக்க நிர்வாகம். உரியாவை லீவு கொடுத்து ஊருக்கு வரவழைத்தார். சண்டை எப்படிப் போகிறது, யோவாப் சுகமா, ஆட்கள் சுகமா என்று அக்கறையாய் விசாரித்தார். "வீட்டுக்குப் போயி காலைக் கழுவிட்டு நல்லாத் தூங்குப்பா." பின்னாலேயே அரண்மனைச் சாப்பாடும் போனது. உரியா வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் வேலைக்காரர்களோடு படுத்துக்கொண்டான். ஏன் என்று மறுநாள் ராஜா கேட்டார்.

"சேக்காளிக எல்லாம் வெட்டவெளியில கெடக்காக, முதலாளி. நான் மட்டும் வீட்ல போயித் தின்னுட்டு, பொண்டாட்டியோட படுத்தா நல்லாவா இருக்கும்?"

எந்த மனுஷனுக்கும் அங்கேயே நாக்கு ஒட்டியிருக்கும். தாவீது இரண்டாம் திட்டத்துக்குப் போனார். கூப்பிட்டு உட்காரவைத்துக் குடிக்க வைத்தார். போதையிலும் உரியா வாசலில்தான் படுத்தான். குடித்த உரியா, குடிக்காத தாவீதைவிட யோக்கியமாக இருந்தான்.

மூன்றாவது திட்டம் ஒரு கடிதம். சண்டை மும்முரமாயிருக்கிற இடத்தில் இவனை முன்வரிசையில் நிறுத்து, மற்றவர்கள் பின்வாங்கிக்கொள்ளட்டும், இவன் சாகட்டும் என்று யோவாப்புக்கு எழுதி, அதை உரியா கையிலேயே கொடுத்தனுப்பினார். அவன் பிரித்துப் பார்க்கமாட்டான் என்று ராஜாவுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஆள் என்பதால்தானே கொல்ல வேண்டியிருக்கிறது.

யோவாப் சொன்னதைச் செய்தார். உரியா செத்தான். கூட நின்ற வேறு சிலரும் செத்தார்கள். அவர்களுக்கும் பத்சேபாளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. தகவல் கொண்டு போகிறவனுக்கு யோவாப் ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். மதிலுக்கு அத்தனை பக்கத்தில் ஏன் போனீர்கள் என்று ராஜா கோபப்பட்டால், உரியாவும் செத்தான் என்று சொல், கோபம் அடங்கிவிடும். அடங்கியது. ராஜா பதில் அனுப்பினார்: யோவாப்பிடம் சொல், இதற்கெல்லாம் மனசு விடவேண்டாம், பட்டயம் இன்றைக்கு ஒருத்தனை எடுக்கும், நாளைக்கு வேறொருத்தனை எடுக்கும், அது அப்படித்தான், வேலையைத் தொடரட்டும்.

சிவகாசிப் பகுதியில் பிறந்த யாருக்கும் இந்த அனுதாபச் செய்தி தனியாக உறைக்கும். இங்கே வெடிவிபத்து என்றால் செத்தவர்கள் மருந்தோடு அறையில் இருந்தவர்கள். முதலில் கைதானதாகச் செய்தியில் வருகிற பெயர் பெரும்பாலும் போர்மேனுடையது. தொழில் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்கிறவர் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவராக இருக்கமாட்டார்.

திரியும் வெடியும்

நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்தார். நேரே திட்டியிருந்தால் அவர் தலை போயிருக்கும். கதை சொன்னார். ஓர் ஊரில் ஒரு பணக்காரன், கொள்ளாத மந்தை. பக்கத்தில் ஓர் ஏழை, ஒரே ஒரு பெட்டைக்குட்டி. அவன் தட்டில் தின்னும், அவன் மடியில் தூங்கும், மகளோடு மகளாக வளர்ந்தது. பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தான். சொந்த மந்தையில் கைவைக்க மனமில்லாமல் அந்த ஒத்தைக் குட்டியைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்துவிட்டான்.

ஒரு காலத்தில் ஆடு மேய்த்த ராஜாவுக்கு ரத்தம் கொதித்தது. எவன் அவன், அவனைக் கொல்லவேண்டும், ஒரு குட்டிக்கு நாலு குட்டி கொடுக்கவைக்க வேண்டும். உரியாவுக்கு வராத கண்ணீர் ஆட்டுக்குட்டிக்கு வந்தது. நாமும் தியேட்டரில் அழுதுவிட்டு வெளியே வந்து பார்க்கிங் பையனிடம் ஐந்து ரூபாய்க்குச் சண்டை போடுகிற ஜாதிதான். நாத்தான் விரலை நீட்டினார். அந்த ஆள் நீதான்.

தாவீதின் பெருமை என்று ஒன்றைச் சொன்னால் இங்கேதான் சொல்லவேண்டும். தீயில் போட்டேன், தானாக வந்தது என்று அவர் சொல்லவில்லை. தப்புப் பண்ணினேன் என்றார். நாத்தான் தலையும் தப்பியது. ஆனால் தண்டனை யாருக்கு வந்தது? பிறந்த குழந்தை செத்தது. பிற்பாடு தாவீதின் மூத்த மகன் அம்னோன், தன் தங்கை முறையான தாமாரை நாசம் செய்தான். தாவீது கோபப்பட்டார் என்று எழுதியிருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை, ஏனென்றால் அவர் ஒன்றும் செய்யவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பார்?

இதில் எனக்குப் பிடித்தமான பகுதி நூற்றாண்டுகள் கழித்து வருகிறது. அதே ராஜாக்களின் வரலாற்றை இன்னொருவர் இரண்டாம் முறை எழுதினார். நாளாகமம் என்று பெயர். அவர் தாவீதின் பரம ரசிகர், கோயில் காரியத்தில் கண்ணாக இருப்பவர். அவர் புத்தகத்தில் பத்சேபாள் விவகாரம் கிடையாது. உரியா செத்த கதை கிடையாது. தாவீதின் மகன் சாலொமோனின் மனைவிமார் அவரைக் கெடுத்த கதையும் கிடையாது. தாவீது ஜனத்தொகைக் கணக்கெடுத்து எழுபதினாயிரம் பேர் கொள்ளைநோயில் சாகக் காரணமான விவகாரத்தில், பழைய புத்தகம் கர்த்தரே கோபத்தில் தூண்டினார் என்கிறது. இவர் பழியைச் சாத்தான் தலையில் போட்டுவிட்டார். உலகின் முதல் காலண்டர் டச்சப் இதுதான்.

ஆனால் ஒரு வரியை மட்டும் அடிக்க மறந்துவிட்டார். ராஜாக்கள் சண்டைக்குப் போகிற பருவத்தில் யோவாப் போய் ரப்பாவை முற்றுகையிட்டார், தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டார் என்று அப்படியே எழுதிவைத்திருக்கிறார். உடனே அடுத்ததாக, நகரம் விழுந்தது, தாவீது கிரீடத்தை எடுத்துச் சூடிக்கொண்டார். ஏன் ஊரில் இருந்தார், இருந்து என்ன செய்தார் என்பதற்கு அங்கே விடையில்லை. மருந்தை நோண்டி எடுத்துவிட்டுத் திரியை மட்டும் விட்டுவைத்த வெடியைப்போல அந்த வரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. பற்றவைத்தால் கொஞ்சம் புகைகிறது. என்ன சத்தம் வந்திருக்கும் என்று பழைய புத்தகத்தைப் படித்தவருக்குத்தான் தெரியும்.

இரண்டையும் சேர்த்துக் கட்டியவர்கள் பழைய பிரதியைக் கிழித்து எறிந்திருக்கலாம். செய்யவில்லை. ஒரே அட்டைக்குள் வெடித்ததையும் வைத்தார்கள், புஸ்ஸென்று போனதையும் வைத்தார்கள். நம் பக்கத்துக் கல்வெட்டில் எந்த மன்னனாவது, நான் அடுத்தவன் பெண்டாட்டிக்கு ஆசைப்பட்டு அவள் புருஷனைச் சாகடித்தேன் என்று மெய்க்கீர்த்தி வெட்டியிருக்கிறானா? வென்ற நாடு, கொண்ட தலை, கொடுத்த பொன் என்றுதான் நீளும். எபிரெயர்களின் ராஜாக்கள் நம்மவர்களைவிடக் கெட்டவர்கள் அல்ல. அவர்களுடைய எழுத்தர்கள்தான் நம்மவர்களைவிட வாய் நீண்டவர்கள்.

வீடு கட்டிய ஞானி

சாலொமோனைச் சுருக்கமாக முடித்துவிடலாம், அவர் எதையுமே சுருக்கமாகச் செய்யவில்லை என்றாலும். மனைவிகள் எழுநூறு, மறுமனையாட்டிகள் முந்நூறு. பரஸ்திரீயிடம் ஜாக்கிரதை என்று அத்தியாயம் அத்தியாயமாக எச்சரிக்கிற நீதிமொழிகள் இவர் பெயரில்தான் இருக்கிறது. அனுபவஸ்தர் சொன்னால் கேட்டுக்கொள்ளவேண்டியதுதான். கடவுளுக்குக் கோயில் கட்ட ஏழு வருஷம் எடுத்துக்கொண்டார், தனக்கு வீடு கட்டப் பதின்மூன்று வருஷம். மரம் வெட்ட முப்பதினாயிரம் பேர், முறை வைத்து மாதம் பத்தாயிரம் பேராக லீபனோனுக்கு. சுமக்க எழுபதினாயிரம், கல் உடைக்க எண்பதினாயிரம்.

இந்த இடத்தில் விருதுநகர்க்காரர்கள் தொண்டையைக் கனைப்பார்கள். முதலமைச்சராக இருந்த காமராஜரின் தாயார் வீட்டுக்கு நகராட்சிக்காரர்கள் தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டுக்கொடுத்ததையும், தெருவுக்கில்லாத குழாய் என் வீட்டுக்கு எதற்கு என்று மகன் பிடுங்கச் சொன்னதையும் இங்கே இன்றும் சொல்வார்கள். சாலொமோன் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் நீதிமொழிகளில் இன்னோர் அத்தியாயம் சேர்த்திருப்பார். குழாயைப் பிடுங்கியிருக்கமாட்டார்.

அவர் மகன் ரெகொபெயாமிடம் ஜனங்கள் வந்து, உங்கப்பா வைத்த நுகத்தைக் கொஞ்சம் இலேசாக்குங்கள் என்று கெஞ்சினார்கள். பெரியவர்கள் இறங்கிப்போகச் சொன்னார்கள். கூட வளர்ந்த சேக்காளிகள் ஏறி அடி என்றார்கள். அப்பா சாட்டையால் அடித்தார், நான் தேளால் அடிப்பேன் என்று அறிக்கை விட்டார். பத்துக் கோத்திரம் பிரிந்துபோனது. அதற்குப் பிறகும் வசூலுக்கும் வேலைவாங்கவும் அதோராம் என்ற மேற்பார்வையாளரை அனுப்பினார். ஜனங்கள் அவரைக் கல்லால் அடித்தே கொன்றார்கள். ராஜா ரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடிவிட்டார். செத்தது போர்மேன், தப்பித்தது முதலாளி. ஏறக்குறைய மூவாயிரம் வருஷம் கழித்தும் ரதத்தின் மாடல்தான் மாறியிருக்கிறது.

கேட்டு வாங்கிய ராஜா

இத்தனையும் படித்த பிறகு ராஜாக்கள்மேல் கோபம் வருவது சுலபம். ஆனால் அதே புத்தகம் அந்தச் சுகத்தையும் நமக்குத் தரமாட்டேன் என்கிறது. இவர்கள் யாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள். கிழத் தீர்க்கதரிசி சாமுவேல் அவர்களைக் கூட்டிவைத்து முன்கூட்டியே சொன்னார். உங்கள் பையன்களைப் பிடித்துத் தன் ரதத்துக்கு முன்னால் ஓடவிடுவான். உங்கள் பெண்பிள்ளைகளைச் சமைக்கவும் தைலம் காய்ச்சவும் கொண்டுபோவான். நல்ல தோட்டத்தை எல்லாம் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான். விளைச்சலில் பத்தில் ஒன்று எடுப்பான். அப்புறம் என்னிடம் வந்து அழக்கூடாது.

ஜனங்கள் முழுக்கக் கேட்டார்கள். "இருக்கட்டும் பெரியவரே. பக்கத்து நாட்டுக்காரன் எல்லாரும் ராஜா வச்சிருக்கான். எங்களுக்கும் ஒண்ணு வேணும்" என்றார்கள். எதிர்க்கட்சி இத்தனை துல்லியமாகப் போட்டுக்கொடுத்தும் ஆளும் தரப்பு ஜெயித்த தேர்தல் அது. முதலில் கிடைத்தவர் சவுல். அவருடைய தகுதி, எல்லாரையும்விடத் தோளுக்கு மேல் உயரம். அடுத்தவர் தாவீது. சிவந்த மேனி, அழகான கண், யாழ் வாசிப்பார், பாட்டுக் கட்டுவார். உயரமும் அழகும் பாட்டும் இருந்தால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் ஜனங்களைத் தமிழனுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

1967-ல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில், தாயார் வீட்டுக் குழாயைப் பிடுங்கச் சொன்ன அந்த மனுஷர் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்தவர் திமுகவின் இளைஞர் பெ. சீனிவாசன். அரிசித் தட்டுப்பாடு இருந்தது, மொழிப் போராட்டத்தின் காயம் இருந்தது, ஜனங்களிடம் காரணம் இல்லாமலில்லை. இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது. அந்தத் தொகுதியில் தாவீது நின்றால்?

தாவீது தாராளமாக ஜெயிப்பார். மேடையில் ஒரு பாட்டுப் பாடுவார், கோலியாத்தை அடித்த கவணைத் தூக்கிக் காட்டுவார், தெரியாமல் தப்புப் பண்ணிவிட்டேன் தாய்மார்களே என்று ஒரு துளி கண்ணீர் விடுவார். மொட்டைமாடி விவகாரத்தை எதிர்த்தரப்பின் சதி என்று நம்பத் தயாராக ஒரு கூட்டம் ஏற்கெனவே இருக்கும். சிவகாசியில் இரவு பகலாக போஸ்டர் ஓடும், பரு இல்லாமல். எதிர்த்து உரியா நின்றால் டெபாசிட் போய்விடும். பாவம், அவர் ஓட்டுக் கேட்கவே ஊருக்கு வந்திருக்கமாட்டார். ராஜா அவருக்கு முன்வரிசையில் டூட்டி போட்டிருப்பார்.